எந்த விசா, என்ன காகிதம்? வாசகர் கேள்வி – பதில்

“எந்த நாட்டுக்குப் போவது சுலபம்?” என்றுதான் பெரும்பாலான கடிதங்கள் தொடங்குகின்றன. நாட்டை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வயது, படிப்பு, அனுபவம், கையிலுள்ள சான்றுகள் எல்லாம் சேர்ந்து எந்த விசா வகைக்குள் அடங்கும் என்பதுதான் முதல் கணக்கு. கீழே வரும் தொகைகளும் வரம்புகளும் 2025-ஆம் ஆண்டு நிலவரம். பணம் கட்டுமுன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பி.இ., வயது 31. மென்பொருள் துறையில் 6 வருட அனுபவம். மனைவியும் பட்டதாரி. “கனடா பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) 67 பாயிண்ட் போதும், உங்களுக்கு 70 வருகிறது, கட்டாயம் கிடைக்கும்” என்கிறது ஒரு கன்சல்டன்சி. ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7 (கேட்டல் 7.5, வாசித்தல் 7, எழுதுதல் 6.5, பேசுதல் 7). முன்பணம் கட்டலாமா?
– திருச்சி வாசகர்

இப்போதைக்குக் கட்டாதீர்கள். 70 என்ற கணக்கு சரி. ஆனால் அந்த 67, கனடா திறன் பணியாளர்களின் விவரங்களைத் திரட்டிவைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குளத்துக்குள் இறங்குவதற்கான தகுதி மட்டுமே. குளத்தில் இருப்பவர்களை வரிசைப்படுத்துவது சிஆர்எஸ் என்ற வேறொரு மதிப்பெண். அது 1,200-க்கு. பிஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு வருவது அதை வைத்துத்தான். இரண்டையும் குழப்பி விற்பது பழைய வித்தை.

உங்கள் சிஆர்எஸ்ஸைப் போட்டுப் பார்ப்போம். மனைவியோடு விண்ணப்பிக்கும் 31 வயதுக்காரருக்கு வயதில் 90. நான்காண்டுப் பட்டத்துக்கு 112. மொழிக்கு 102. படிப்பு, வெளிநாட்டு அனுபவம் (கனடாவைப் பொறுத்தவரை உங்கள் இந்திய அனுபவமும் வெளிநாட்டு அனுபவம்தான்), மொழி ஆகியவற்றின் சேர்க்கைக்கு 38. ஆக 342. மனைவியின் பட்டம் இளங்கலைக்கு இணை என்று மதிப்பீடு வந்தால் 8. அவரும் மொழித் தேர்வு எழுதினால் அதிகபட்சம் 20. எப்படிப் பார்த்தாலும் 370-ஐத் தொடுகிறீர்கள், அவ்வளவுதான். 2025-இல் கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான அழைப்புகள் 500-க்கு மேலேயே நின்றன.

உங்களைக் கீழே இழுப்பது அந்த “மொத்தம் 7”. கனடா மொத்தத்தைப் பார்ப்பதில்லை, நான்கு திறனையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கனடாவின் ஆங்கில அளவுகோலான சிஎல்பியில் 9 என்ற நிலைக்கு கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். உங்களுக்குக் கேட்டலில் அரை, எழுதுதலில் அரை குறைகிறது. இந்த இரண்டு அரையும் ஏறினால் மொழியில் 14 கூடும். நான்கும் சிஎல்பி 9 ஆகிவிட்டதால் சேர்க்கைப் புள்ளி 38-லிருந்து 75-க்குப் போகும். ஆக 51 புள்ளி. கன்சல்டன்சிக்குக் கட்டும் பணத்தில் பாதியை எழுதுதல் பயிற்சிக்குச் செலவிட்டால் வரும் லாபம் இது.

அதற்குப் பிறகும் மனைவியின் புள்ளி இல்லாமல் 393, முழுதாகச் சேர்த்தாலும் 421-தான். மேலே போக உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஏதாவது ஒரு மாகாணத்தின் நியமனம். அதற்கு மட்டும் 600 புள்ளி. இன்னொன்று பிரெஞ்சு. நான்கு திறனிலும் என்சிஎல்சி (கனடாவின் பிரெஞ்சு அளவுகோல்) 7 வந்தால் பிரெஞ்சு மொழியினருக்கான தனிச் சுற்றில் இடம் உண்டு. அந்தச் சுற்றின் வரம்பு 2025 மார்ச்சில் 379 வரை இறங்கியது. கூடுதலாக 50 புள்ளியும் கிடைக்கும். ஆறு மாதத்தில் பிரெஞ்சு வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம். அதற்குள் வயதுப் புள்ளி ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தும் ஒரு கணக்குப் போடுங்கள். அவர் வயது குறைவு, ஆங்கிலம் நன்று என்றால் நிலவரமே மாறும்.

“வேலை ஆஃபர் வாங்கித் தருகிறோம், 50 புள்ளி ஏறும்” என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஆஃபருக்கான புள்ளியை 2025 மார்ச் 25-இலேயே எடுத்துவிட்டார்கள்.

அழைப்பு வந்தபின் 60 நாளில் முழு விண்ணப்பமும் போக வேண்டும். அங்கே பலரும் சறுக்குவது வேலை அனுபவக் கடிதத்தில். நம் ஊர் நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டுமே இருக்கும். கனடாவுக்கு அது போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் பதவி, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், சலுகைகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். வேலைப் பட்டியலை கனடாவின் என்ஓசி (தேசியத் தொழில் வகைப்பாடு) பக்கத்திலிருந்து அப்படியே பெயர்த்து எழுதினால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். தினமும் அதே வரிகளைப் படிப்பவர் அவர். எச்ஆர் மறுத்தால், உங்கள் மேலாளரிடமிருந்து முத்திரைத்தாளில் நோட்டரி உறுதிமொழி வாங்கி, எச்ஆர் மறுத்த மின்னஞ்சல், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக் ஆகியவற்றோடு இணையுங்கள். இதை அழைப்புக்கு முன்பே தயார் செய்து வைக்க வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்ல, அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்திலோ குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் ‘காலேஜ்’ என்ற அமைப்பிலோ உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். பொதுப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அதே கனடாவுக்கு, கையிருப்புப் பணமாக அப்பா பெயரில் உள்ள வீட்டையும் அம்மாவின் நகையையும் மதிப்பீட்டாளர் சான்றோடு காட்டலாமா? குடும்பத்தில் மூன்று பேர். குழந்தையைப் பிறகுதான் அழைத்துக்கொள்ளப் போகிறோம்.
– ஈரோடு வாசகி

செல்லாது. வீடு, நிலம், நகை எதுவும் கணக்கில் வராது. கடன் வாங்கிய பணமும் வராது. நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய பணமாக, உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்க வேண்டும். முன்கூட்டியே உடைக்க முடிகிற எஃப்டி பரவாயில்லை. 2025 ஜூலையிலிருந்து ஒருவருக்கு 15,263, இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362 கனடிய டாலர். குழந்தை இப்போது வராவிட்டாலும் தலைக்கணக்கில் சேரும். ஆகவே உங்களுக்கு 23,360.

பாஸ்புக் நகல் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வங்கி லெட்டர்ஹெட்டில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த 6 மாதச் சராசரி இருப்பு, நிலுவைக் கடன் ஆகிய எல்லாம் வர வேண்டும். கிளையில் இப்படிக் கடிதம் கேட்டால் “பேலன்ஸ் சர்டிபிகேட்தான் தருவோம்” என்பார்கள். மாதிரி ஒன்றை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலையை முடிக்கும். அப்பா பணம் தருவதாக இருந்தால் இப்போதே கணக்கில் போடச் சொல்லி, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற தானப் பத்திரமும், அவருக்கு அந்தப் பணம் வந்த வழிக்கான ஆதாரமும் வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று 10 லட்சம் விழுந்திருந்தால் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும்.

பாஸ்போர்ட்டில் ‘செல்வகுமார்’ என்று ஒற்றைப் பெயர், சர்நேம் காலி. மார்க்‌ஷீட்டில் ‘எம். செல்வகுமார்’. பான் கார்டில் ‘செல்வகுமார் முத்தையா’. வெளிநாட்டு விசாவுக்கு இது சிக்கலா?
– விருதுநகர் வாசகர்

சிக்கல்தான், ஆனால் தீர்க்க முடிந்தது. இனிஷியல் போட்டுப் பழகிய நம்மவர் எல்லோருக்கும் உள்ளது இது. சீக்கிரம் தீர்த்தால் சில ஆயிரத்தில் முடியும். முதல் விசா ஒட்டியபின் தீர்க்கப் போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. சர்நேம் காலியாக இருந்தால் கனடா விண்ணப்பத்தில் உங்கள் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, மற்ற கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அமெரிக்கா முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அச்சிடும். அப்புறம் ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கி அட்டை வரை மிஸ்டர் எஃப்என்யு ஆகிவிடுவீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது.

எங்கள் யோசனை: விசா எதுவும் இல்லாத இப்போதே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, கிவன் நேம் செல்வகுமார், சர்நேம் முத்தையா என்று பிரித்து வாங்குங்கள். பான் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. ஆதாரையும் அதற்கேற்ப மாற்றுங்கள். மார்க்‌ஷீட்டை மாற்ற வேண்டாம், ‘எம்.’ என்பது முத்தையா, இருவரும் ஒருவரே என்று ஒரு நோட்டரி உறுதிமொழி போதும். உறுதிமொழியில் எல்லா வடிவத்தையும், புள்ளி, இடைவெளி உட்பட, எந்த ஆவணத்தில் எப்படி உள்ளது என்று குறிப்பிடுங்கள். இனிஷியலை விரிப்பதோடு நில்லாமல் பெயரே மாறுகிறது என்றால் உறுதிமொழி செல்லாது. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும்.

மொழித் தேர்வுக்கும் பட்ட மதிப்பீட்டுக்கும் பதிவு செய்வதெல்லாம் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகு. இந்த வரிசை மாறினால் தேர்வுச் சான்று ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் நிற்கும். கூடவே பிறப்புச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். பழைய சான்றுகள் பலவற்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். நகராட்சியில் பெயரைப் பதிந்து புதிய சான்று வாங்கிவிடுங்கள்.

எனது அண்ணா ஸ்காபரோவில் கனடியப் பிரஜை. எனக்கு 34 வயது, திருமணமாகிப் பிள்ளைகள் இருக்கினம். அவர் என்னை ஸ்பொன்சர் செய்து எடுக்கலாமோ? அம்மாவையாவது கூப்பிடலாமோ?
– யாழ்ப்பாணம் வாசகர்

உங்களை எடுக்க முடியாது. கனடாவின் குடும்ப வகுப்பில் வளர்ந்த சகோதரர்கள் இல்லை. 18 வயதுக்குக் கீழே, திருமணமாகாத, தாய் தந்தை இருவரையும் இழந்த சகோதரனுக்கும் சகோதரிக்கும் மட்டும் இடமுண்டு. கனடாவில் மனைவி, பிள்ளை, பெற்றோர், சகோதரர் என்று எவருமே இல்லாத, அப்படி ஸ்பொன்சர் செய்யவும் எவரும் இல்லாத ஒருவருக்கு ஒரேயொரு உறவினரை அழைக்கும் விதிவிலக்கும் இருக்கிறது. “அண்ணன் ஸ்பொன்சர்” என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள் இந்த விதிவிலக்கைத்தான் காட்டுவார்கள். அம்மா உயிரோடு இருக்கும்வரை உங்கள் அண்ணாவுக்கு அது பொருந்தாது.

நீங்களே எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பித்தால், கனடாவில் உடன்பிறந்தவர் இருப்பதற்கு சிஆர்எஸ்ஸில் 15 புள்ளி கிடைக்கும். அண்ணாவின் உறவு அவ்வளவுக்குத்தான் பயன்படும். பொதுவான பெற்றோர் ஒருவரையாவது காட்டும் இருவரின் பிறப்புச் சான்றுகளும், அவர் அங்கே வசிப்பதற்கான ஆதாரமும் வேண்டும்.

அம்மாவுக்குச் சூப்பர் விசா பாருங்கள். பெற்றோர் ஸ்பொன்சர்ஷிப்பில் 2025-ஆம் ஆண்டுக்கான அழைப்புகள் 2020-இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே எடுக்கப்பட்டன. அதில் அண்ணாவின் பெயர் இல்லையென்றால் காத்திருப்பதில் பயனில்லை. சூப்பர் விசாவில் ஒருமுறை போனால் 5 ஆண்டுவரை தங்கலாம். விசா 10 ஆண்டுவரை செல்லும். அண்ணாவின் வருமானம் குடும்ப அளவுக்கான வரம்பைத் தாண்ட வேண்டும். அம்மாவுக்குக் குறைந்தது 1 லட்சம் டாலர் மருத்துவக் காப்புறுதி, ஒரு வருடத்துக்கு, வேண்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோயைக் காப்புறுதி எவ்வளவு தூரம் ஏற்கிறது என்று பொலிசியை வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். விலை குறைவானதில் சர்க்கரையும் பிரஷரும் வெளியே நிற்கும்.

தம்பி 8-ஆம் வகுப்பு வரை படித்தவன், கொத்தனார். “விசிட் விசாவில் துபாய் போகலாம், அங்கே போய் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம், 1 லட்சத்து 20 ஆயிரம்” என்கிறார் ஒரு ஏஜென்ட். அனுப்பலாமா?
– ராமநாதபுரம் வாசகி

அனுப்பாதீர்கள். உங்கள் தம்பி 10-ஆம் வகுப்பு தேறாததால் அவர் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை, அதாவது வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்போடு வந்திருக்கும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஈசிஆர் காரர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்த அனுமதி கட்டாயம். அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை.

ஏஜென்ட் விசிட் விசா சொல்வது இந்த அனுமதியைச் சுற்றிப் போகத்தான். அப்படிப் போனால் ஒப்பந்தம் எங்கேயும் பதிவாகாது. காப்பீடு கிடையாது. சம்பளம் தராவிட்டாலும் சாரத்திலிருந்து விழுந்தாலும் தம்பி அங்கே வேலைக்காரராகக் கணக்கிலேயே இல்லை. விசிட் விசாவில் வேலை செய்தது அவர் செய்த குற்றமாகும். விசா நாள் முடிந்துவிட்டால் தினசரி அபராதம் ஏறும்.

முறையான வழி இதுதான். இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்சியின் உரிம எண்ணைத் தேடுங்கள். உரிமம் செயலில் உள்ளதா, இடைநீக்கமா, காலாவதியா என்று அங்கேயே காட்டும். ஊரில் டீக்கடையில் பேசும் துணை ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் எந்த ஏஜென்சிக்கு ஆள் சேர்க்கிறாரோ அங்கே நேராகப் போங்கள். ஏஜென்சி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீது கேளுங்கள். முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், உணவு, திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று இருக்க வேண்டும். விசாவில் இருக்கும் தொழிலும் ஒப்பந்தத்தில் இருக்கும் தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘கொத்தனார்’ என்று பேசி ‘லேபர்’ விசாவில் அனுப்புவது வழக்கமான ஏமாற்று, சம்பளம் அங்கேதான் குறையும். குடிபெயர்வு அனுமதிக் கட்டணம் 200 ரூபாய். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு 2 ஆண்டுக்கு 275, 3 ஆண்டுக்கு 375 ரூபாயும் வரியும். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும்.

வளைகுடா மருத்துவப் பரிசோதனைக்கு ‘வாஃபித்’ தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் “முதலில் மெடிக்கல் போடு” என்று அவசரப்படுத்தினால் உஷாராகுங்கள். தம்பிக்கு எப்போதாவது காசநோய் வந்து குணமாகியிருந்தால் முதலிலேயே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பழைய தழும்புக்கே ‘அன்ஃபிட்’ போட்டுவிடுவார்கள்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளைப் பார்த்து வாருங்கள். முடிந்தால் தம்பியைத் தனித்தேர்வராக 10-ஆம் வகுப்பு எழுதச் சொல்லுங்கள். தேறிவிட்டால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் குறிப்பை நீக்கி வாங்கலாம். பிறகு இந்த 18 நாட்டுக் கட்டுப்பாடு அவருக்கு இல்லை.

“டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்து, விமான டிக்கெட் இலவசம்” என்று வந்தால் அது இதைவிட மோசம். பாங்காக்கில் இறக்கி மியான்மர் எல்லைக்குள் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்த சம்பவங்களுக்குப் பிறகு, 2022-லேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்திருக்கிறது.

இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலை, சிஓஎஸ் (ஸ்பான்சர்ஷிப் சான்று) வாங்கித் தர 15 லட்சம் கேட்கிறார்கள். நியாயமான தொகையா?
– நாகர்கோவில் வாசகி

தொகையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22-இல் இங்கிலாந்து நிறுத்திவிட்டது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கும் அதே நாளில் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாகவும், வேலையின் தரம் பட்டப்படிப்பு நிலைக்கும் ஏறியது. ஸ்பான்சர்ஷிப் சான்றைக் காசுக்கு விற்பது எந்தக் காலத்திலும் சட்டப்படியானது இல்லை. உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியலை அந்த அரசே வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஆஃபர் உண்மையாகிவிடாது; பட்டியலில் உள்ள நிறுவனங்களின் பெயரில்தான் போலிக் கடிதங்கள் வருகின்றன.

ஜெர்மனியின் சான்சென்கார்டே பற்றிக் கேள்விப்பட்டேன். வயது 29, மெக்கானிக்கல் பி.இ., 4 ஆண்டு அனுபவம், ஆங்கிலம் நன்றாக வரும், ஜெர்மன் ஏ2 (தொடக்க நிலை). வேலை இல்லாமலே போகலாமாமே?
– கோவை வாசகர்

போகலாம். 2024 ஜூன் 1-இல் வந்த திட்டம் இது. ஜெர்மனியில் ஓராண்டு வரை இருந்து வேலை தேட அனுமதி. அந்தக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும், ஒவ்வொரு முதலாளியிடமும் 2 வாரம் சோதனை வேலையும் பார்க்கலாம். முழுநேர வேலை கிடைத்ததும் அங்கேயே வேறு அனுமதிக்கு மாற வேண்டும். இதை வேலை விசா என்று நினைத்துப் போய், கையிருப்பைக் கரைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

எல்லோரும் 6 புள்ளிக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு முழுக்க இணை என்றால் நீங்கள் ‘தகுதி பெற்ற பணியாளர்’, புள்ளியே தேவையில்லை. அதைப் பார்க்கும் இடம் ‘அனாபின்’ தரவுத்தளம். அதில் உங்கள் பல்கலைக்கழகம் ‘எச் பிளஸ்’ என்று இருக்க வேண்டும். பட்டமும் ‘என்ட்ஷ்ப்ரிஷ்ட்’ (ஒத்தது) அல்லது ‘க்ளைஷ்வெர்டிக்’ (சம மதிப்புள்ளது) என்ற குறிப்போடு இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து விண்ணப்பத்தில் வையுங்கள். தேடும்போது கல்லூரிப் பெயரைத் தேடி “இல்லை” என்று சோர்ந்துவிடுகிறார்கள். பட்டம் தந்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று சான்றிதழில் பார்த்து அதைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் இணைக் கல்லூரியில் பி.இ. படித்தவர்களுக்குப் பெரும்பாலும் அது அண்ணா பல்கலைக்கழகம். பட்டம் பட்டியலில் இல்லையென்றால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஜெர்மன் அலுவலகமான ‘இசட்ஏபி’யின் மதிப்பீட்டுக்கு 208 யூரோ கட்டி விண்ணப்பியுங்கள்.

அந்தக் கதவு மூடியிருந்தாலும் புள்ளி வழியில் உங்களுக்கு எட்டும். 35 வயதுக்குள் 2, கடந்த 5 ஆண்டில் படிப்பு சார்ந்த 2 ஆண்டு அனுபவத்துக்கு 2, ஜெர்மன் ஏ2-க்கு 1, ஆங்கிலம் சி1 என்றால் 1. ஆறு வந்துவிட்டது. ஆங்கிலம் ‘நன்றாக வரும்’ என்று சொன்னால் போதாது, சான்று வேண்டும். ஜெர்மனை பி1 ஆக்கினால் அதற்கு மட்டும் 2. அது புள்ளிக்காக மட்டும் சொல்வதில்லை. மெக்கானிக்கல் துறையில் ஆலைத் தளத்து வேலைக்கு ஏ2 வைத்துக்கொண்டு நேர்காணலைத் தாண்டுவது கடினம். மென்பொருள்காரர்களுக்கு உள்ள சலுகை உங்களுக்கு இல்லை. பி1 முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பணம்: 2025-இல் மாதம் 1,091 யூரோ என்று, ஓராண்டுக்கு 13,092 யூரோ, மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கில் இருக்க வேண்டும். விசாக் கட்டணம் 75 யூரோ. வேலை கிடைத்தபின் ஆண்டுச் சம்பளம் வரம்பைத் தொட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ளூ கார்டு. 2025-இல் அந்த வரம்பு 48,300 யூரோ. பற்றாக்குறைத் தொழில்களுக்கு அதே ஆண்டில் 43,759.80. ப்ளூ கார்டில் இருந்தால் பி1 மொழியறிவோடு 21 மாதத்தில், ஏ1 மட்டும் என்றால் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் பேசும்போது இந்த வரம்புக்கு 500 யூரோ கீழே ஒத்துக்கொண்டு பின்னால் வருந்துவதைவிட, அந்த எண்ணை முதலிலேயே சொல்லிக் கேட்பது மேல்.

வயது 44. ஆஸ்திரேலியா பிஆருக்கு இன்னும் வாய்ப்பு உண்டா?
– மதுரை வாசகர்

புள்ளி அடிப்படையிலான 189, 190, 491 என்ற விசா வகைகள் மூன்றுக்கும், அழைப்பு வரும் நாளில் 45 நிறைந்திருக்கக் கூடாது. விண்ணப்ப விருப்பம் பதிந்த நாள் கணக்கில்லை. 40 முதல் 44 வரை வயதுக்கு 15 புள்ளிதான், தேவையான குறைந்தபட்சம் 65. தொழில் திறன் மதிப்பீட்டுக்கே சில மாதம் போகும். அது இன்னும் கையில் இல்லையென்றால் இந்தக் கதவை விட்டுவிட்டு, 2024 டிசம்பரில் டிஎஸ்எஸ் என்ற பழைய தற்காலிக வேலை விசாவுக்குப் பதிலாக வந்த ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ 482 விசாவைப் பாருங்கள். அதற்கு வயது வரம்பு இல்லை. ஆனால் முதலாளி ஒருவர் ஸ்பான்சர் செய்ய வேண்டும்.

3 ஆண்டுக்கு முன் கனடா மாணவர் விசா நிராகரிக்கப்பட்டது. இப்போது ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும்போது “இல்லை” என்று போட்டுவிடலாம், அவர்களுக்குத் தெரியாது என்கிறார் ஏஜென்ட்.
– புதுச்சேரி வாசகி

தெரியும். ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவலையும் கைரேகையையும் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் கனடாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் அது பொருந்தி வரும். பொய்த் தகவல் என்று பிடிபட்டால் ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டுத் தடை, கனடாவில் 5 ஆண்டு, இங்கிலாந்தில் 10 ஆண்டுவரை. படிவத்தை ஏஜென்ட் நிரப்பினார் என்பது பதிலாகாது. விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கிறது. அவர் பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, அனுப்பும் முன் படிவத்தைக் காட்ட மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நிராகரிப்பு ஒன்று இருப்பதால் கதவு மூடிவிடாது. “ஆம்” என்று போட்டு, எந்தத் தேதி, எந்த விசா, என்ன காரணம் சொன்னார்கள், அந்தக் குறை இப்போது எப்படித் தீர்ந்தது என்று அரைப் பக்கத்தில் எழுதி, பழைய கடிதத்தின் நகலை இணையுங்கள். அன்று பணம் போதவில்லை என்றிருந்தால் இன்றைய வங்கிக் கடிதம். படிப்பின் நோக்கம் தெளிவில்லை என்றிருந்தால், முன் படிப்புக்கும் இந்தப் படிப்புக்கும் உள்ள தொடர்பை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கடைகளில் கிடைக்கும் மாதிரி நோக்க அறிக்கையை வாங்காதீர்கள். அதே பத்தியை அதே வாரத்தில் வேறு பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். கனடாவின் பழைய கடிதம் வெறும் டிக் அடித்த படிவம்தான், காரணம் விளங்கவில்லை என்றால், அங்கே இருக்கும் உறவினர் ஒருவர் வழியாக, உங்கள் ஒப்புதல் படிவத்தோடு தகவல் அறியும் விண்ணப்பம் போட்டு அதிகாரியின் குறிப்பை வாங்கலாம். கட்டணம் 5 டாலர். 2025 ஜூலை இறுதியிலிருந்து மாணவர், வேலை, விசிட் விசா நிராகரிப்புகளோடு அந்தக் குறிப்பைக் கனடாவே அனுப்பத் தொடங்கியிருக்கிறது. உங்களுடையது அதற்கு முந்தையது என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.